கண்ணாடிப் பஞ்சு

வேகமான கார் என்றால் சத்தம் போடும் கார். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் மாமா அது பொய் என்று காட்டப் பார்த்தார். நான் குறுக்கே கை வைத்தேன். அதற்காக ஏழு நாள் என்னைப் பாயில் படுக்கப் போட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். இரண்டு அறை, அதற்குப் பின்னால் கொஞ்சம் சிமெண்டுத் தரை. அந்தத் தரையை அம்மாவின் தம்பி பிடித்துக்கொண்டிருந்தார். வேலை பார்த்த மோட்டார் பட்டறையில் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஒரு வாரம் என்று சொல்லி வந்தார். ஒரு வருடம் ஆகியிருந்தது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பகலில் தூங்குவார். மாமாவுக்குப் பகலில்தான் வேலை, அதுவும் சத்தம் போடும் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மரக்கதவு மட்டும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மாமாவிடம் ஒரு டாக்டர் வந்துகொண்டிருந்தார். நம்மவர்தான், ஆனால் இங்கிலீஷ்காரன் மாதிரி உடுத்துவார். பச்சை நிறத்தில் கூரையில்லாத சின்ன கார் வைத்திருந்தார். அதே காரில்தான் கிளினிக்குக்கும் போவார், தாம்சன் ரோட்டில் நடக்கும் பந்தயத்துக்கும் போவார். கம்பெனி சைலன்சரை மாட்டினால் கார் சாதுவாக இருந்தது, ஓட்டம் இல்லை, கனம் வேறு. அதைக் கழற்றிவிட்டு வெறும் பைப்பைப் போட்டால் போலீஸ்காரன் நிறுத்தினான். கனமும் இருக்கக் கூடாது, சத்தமும் இருக்கக் கூடாது, ஓட்டமும் குறையக் கூடாது என்று மாமாவிடம் கேட்டார்.

"மூணுல ரெண்டு யாரு வேணும்னாலும் செய்வான் டாக்டர். மூணும் வேணும்னா என்கிட்டதான் வரணும்" என்றார் மாமா.

எனக்கு மாமா சொல்வது எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு நாள், சத்தத்தை அடைத்தால் இஞ்சின் மூச்சு முட்டும் என்றார். மறுநாள், சத்தத்தை அடைக்காமலே குறைக்கலாம் என்றார். பைப் பெரிதாக இருந்தால் நல்லது என்றார். பெரிய பைப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகப் போகும்போது இழுவை இல்லை என்று அதையே தூக்கி எறிந்தார். கடைசியில் ஒரு நேரான பைப் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை போட்டார். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடைத்தார். மேலே மெல்லிய தகட்டால் மூடினார். புகை நேராகப் போய்விடும், சத்தம் மட்டும் பஞ்சுக்குள் நுழைந்து செத்துவிடும் என்றார். சத்தம் எப்படிச் சாகும் என்று கேட்டேன். "போ பாப்பா, போய்ப் படி" என்றார்.

அந்தப் பஞ்சு வெள்ளையாக, மினுமினுப்பாக இருக்கும். தொட விடமாட்டார். அவருடைய வேலைச் சட்டைகளை அம்மா ஒரு பச்சை வாளியில் தனியாக ஊற வைப்பாள். எங்கள் துணி அதன் பக்கத்திலேயே போகக் கூடாது. எனக்கு அது அம்மாவின் சுத்தம், அவ்வளவுதான்.

எடை போட மட்டும் என்னைக் கூட்டிப்போவார். முனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாயின் தராசுதான். ஒரு தட்டில் சைலன்சர், மறு தட்டில் காத்திக் கல். ஒரு காத்தி என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

"வெங்காயம் நிறுக்கிற தராசு தம்பி இது. நாளைக்கு இஞ்சினையும் தூக்கிட்டு வருவீங்க போல" என்பார் பாய்.

"இஞ்சின் வந்தா உங்க கடையே ஒரு பக்கம் சாஞ்சிடும் லா."

கம்பெனி சைலன்சர் இருபத்து நாலு காத்தி இருந்தது. மாமா செய்தது பதினைந்து. பதினாலுக்குள் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு காத்தி மாமாவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. தகட்டை ராவினார். கொக்கிகளை மாற்றினார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

இதற்கு நடுவில் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "இன்னொரு தடவை அந்தச் சனியன் சத்தத்துல நான் கண்ணு முழிச்சேன், உன் தம்பி பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிடணும்." அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். மாமா பக்கத்தில்தான் நின்றார்.

மாமா போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. வீட்டில் என்னிடம் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அதனால் நான் யோசித்தேன். ஒன்பது வயது மூளை என்ன யோசிக்குமோ அதைத்தான் யோசித்தேன். சைலன்சர் ஒரு காத்தி கூடுதல். உள்ளே பஞ்சு இருக்கிறது. இரும்பை ராவி என்ன பயன், பஞ்சை எடுத்தால் போதாதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா கடைக்குப் போன நேரம், சைலன்சர் முனையில் இருந்த மூன்று திருகாணிகளைக் கழற்றினேன். கையை உள்ளே விட்டு, பஞ்சைப் பிடி பிடியாக இழுத்தேன். கொல்லையில் கிடந்த கரிமூட்டைக்குப் பின்னால் அதை ஒளித்துவிட்டு, திருகாணிகளைத் திரும்பப் போட்டேன். மாமா என்னைத் தூக்கிக் கொஞ்சுவார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். மாமா சைலன்சரைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் டாக்டர் அவசரப்படுத்தினார். சந்தில் வைத்து மாட்டினார்கள். டாக்டர் இஞ்சினைக் கிளப்பினார்.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? சந்தில் இருந்த கோழியெல்லாம் சாக்கடைக்குள் குதித்தது. டாக்டர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சத்தம்தான் கூடியிருக்கு, ஓட்டம் ஒண்ணும் கூடல" என்றார். எனக்குத் தலையே சுற்றியது. இத்தனை சத்தம் போட்டும் வேகம் வரவில்லை என்றால் அந்தச் சத்தமெல்லாம் எதற்கு?

அப்பா கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சாயங்காலத்துக்குள்ள கெளம்பிடு" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மாமா சைலன்சரைக் கழற்றித் திருகாணிகளை எடுத்தார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன், ஏனென்றால் ராத்திரியிலிருந்தே கை அரித்துக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விரலிலிருந்து முழங்கைவரை சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. என்னை அம்மாவிடம் கூட்டிப்போய் நிறுத்தி, "அக்கா, இவ கையப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அம்மா பார்த்தாள். என் கவுனைக் கழற்றச் சொன்னாள். வேறு உடுப்புப் போட்டுவிட்டாள். பிறகு திடீரென்று மார்பில் கை வைத்து, "ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. எனக்குப் பாயில் வேப்பிலை, உடம்பில் மஞ்சள், குடிக்க இளநீர். வீட்டில் தாளிப்பு நின்றது. அப்பா எழுந்து வந்து வேப்பிலையைப் பார்த்தார்.

"ஏங்க, ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கும்போது இருக்கிற ஆளைப் போகச் சொல்லக் கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்தட்டும். அப்புறம் என்னா வேணும்னாலும் செய்ங்க" என்றாள் அம்மா.

ஆத்தா வந்த வீட்டிலிருந்து ஆளை விரட்டிவிட்டு அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்குகிற ஆள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. அப்பா சாயங்காலம் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

நான் அழுதுகொண்டே கிடந்தேன். திருடினதற்கு ஆத்தா தண்டித்துவிட்டாள் என்று நிச்சயமாக நம்பினேன். இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் கையில் ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் காட்டினேன். "உள்ள இறங்கியிருக்கா, பேசாமப் படு" என்றாள். நான் வயிற்றுக்குள் அம்மை இருப்பதாக நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தேன்.

கொல்லையில் மாமா சத்தமே வராமல் வேலை செய்தார். கரிமூட்டைக்குப் பின்னாலிருந்து பஞ்சை அவரே கண்டுபிடித்து எடுத்திருந்தார். புதன்கிழமை டாக்டர் வந்தார். வாசலில் நின்றபடி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல் அடிச்சுதா?"

"எட்ட நின்னே பாருங்க டாக்டர்" என்றாள் அம்மா.

நான் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். எதுவரைக்கும் இருந்தது என்று கேட்டார். முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அவர் மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சரிதான். மரியாதை தெரிஞ்ச ஆத்தா. முழங்கைக்கு மேல ஏறல" என்று சொல்லிச் சிரித்தார். சாமியைக் கிண்டல் செய்கிறாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா கோபப்படாதது இன்னும் குழப்பமாக இருந்தது.

சனிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். டாக்டர் ஜெயிக்கவில்லை. ஆனால் கார் கடைசிச் சுற்றுவரை ஓடியது, மறுநாள் அதே சைலன்சரோடு கிளினிக்குக்கும் போனது, ஒரு போலீஸ்காரனும் நிறுத்தவில்லை. எடை பதினாலே முக்கால் காத்தி. டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் சொல்லி, புக்கிட் தீமா பக்கம் ஒரு பட்டறையில் மாமாவுக்கு வேலையும் தங்க அறையும் கிடைத்தது. திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாகவே போனார். அப்பா பஸ் நிறுத்தம்வரை கூடப் போனார்.

பிறகு வெகு காலம் கழித்து, ஆங் மோ கியோ வீட்டில் ஏர்கான் ரிப்பேருக்கு வந்த பையன் குழாயைச் சுற்றியிருந்த பழைய பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனான். நான்தான் கூட்டி அள்ளினேன். சாயங்காலம் விரலிலிருந்து முழங்கைவரை சிவப்பாகப் பொரிந்தது. அதே அரிப்பு.

மாமாவுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். சரி, அவர்கள் இரண்டு பேருக்கும் முடிக்க வேண்டிய ஒரு கார் இருந்தது. அம்மா பாவம், ஏமாந்துவிட்டாள் என்று அவளிடமே போய்ச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அதுக்கு இப்ப என்னா?" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை முழுவதும் ஞாபகம் வந்தது. ஆத்தா வந்திருக்கா என்று மார்பில் கை வைப்பதற்கு முன்னால், என் கவுனைக் கழற்றி வாங்கிய அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். எங்கள் துணி ஊறும் வாளியைத் தாண்டிப் போய், மாமாவின் பச்சை வாளியில் போட்டாள்.