ஊருணிப் படியில் நின்ற கால்

அன்று காலை ஏழு பத்துக்கு அண்ணனின் தட்டில் இட்லி ஆறத் தொடங்கியது. ராணுவத்திலிருந்து ஊர் திரும்பிய இத்தனை ஆண்டுகளில் அண்ணன் ஏழு மணிச் சாப்பாட்டுக்குப் பிந்தியதே இல்லை. ஏழு இருபதுக்கு, அவர் தினமும் காலையில் போகும் ஊருணிக்கு என் மகளை அனுப்பினேன். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், முணுமுணுத்துக்கொண்டே போனாள். அங்கிருந்து செல்போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, மாமாவோட காலு மட்டும் படியில நிக்குதும்மா."

ராமநாதபுரம் மாவட்டத்தில், சிக்கல் என்ற ஊருக்கு அருகே எங்கள் சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். மழை பொய்த்து மிளகாய்க் கொல்லை காய்ந்துபோன காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தார். இருபத்தாறாவது வயதில், வடக்கே மலை எல்லையில், கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து அம்மா கதறியபோது, "ஏம்மா அழுகுற? இனிமே ஒரு செருப்புதான் தேயும்" என்றார். திருமணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அய்யாவும் அம்மாவும் காலமான பின் அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டில் சாப்பிட்டுவந்தார்.

விதவைப் பென்ஷன் மனு எழுதுவது, பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்க ராமநாதபுரத்துக்கு ஓடுவது என்று அவருக்கு ஓய்வே கிடையாது. ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் போய், முதியவர்களைக் கைப்பிடித்துக் கடலில் இறக்கி மூழ்கவைத்துக் கரையேற்றுவார். எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் குடிநீர் ஊருணி. கரையில் மண்டியிருந்த கருவேலத்தை வெட்டி, மழைநீர் வந்து சேரும் வரத்துக்காலைச் சீராக்கி, 'செருப்பை மேலே விடவும்' என்று தன் கையாலேயே பலகை எழுதி வைத்தார். அந்த விதி தனக்கும் உண்டு என்பார். செயற்கைக் காலில் ஷூ மாட்டியிருப்பதால், மேல்படியிலேயே காலைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக இறங்குவார்.

கடலில் நின்று ஊரையே கரையேற்றியவர் ஊருணியில் மூழ்குவாரா? என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. கழற்றிய காலை அண்ணன் ஒருபோதும் நிறுத்தி வைக்க மாட்டார். துண்டில் சுற்றிப் படுக்க வைப்பார். அன்று அது, ஷூ கரையைப் பார்க்க, நேராக நின்றது. பக்கத்தில் கிடந்த துண்டில் ஐந்து விரல்களின் கறுப்புத் தடம். டிராக்டர் கிரீஸ் என்று நான் முடிவு கட்டினேன்.

ஏனென்றால் டிராக்டர் வைத்திருப்பவர் எங்கள் பெரியப்பா மகன். ஊருணியில் மோட்டார் போட்டு டேங்கரில் தண்ணீர் ஏற்ற வந்தவரை, அதற்கு முந்தைய வாரம்தான் அண்ணன் மறித்திருந்தார்.

"ஊருணி என்ன ஒங்க அப்பன் வெட்டுனதாடா? ஒத்தக்கால வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குக் காவல் காப்ப?"

"ரெண்டு காலு இருக்கையில நாட்டக் காத்தேன். ஒத்தக்காலுக்கு இந்த ஊருணி போதும்டா."

அன்று முதல் ஆளாகத் தண்ணீரில் குதித்து அண்ணனைத் தூக்கியவரும் அவர்தான். இடம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். "கையில முள்ளுக்கொப்பைப் பிடிச்சிருந்தான் தாயி" என்று அவர் அழுதபோதும் நான் நம்பவில்லை. அண்ணனின் உள்ளங்கைக் கீறல்களைப் போராட்டத்தின் அடையாளமாகவே பார்த்தேன். விபத்து என்று காவல்துறை முடித்த பிறகும், பதினாறாம் நாள் பந்தியில் அவர் இலையில் நான் பரிமாறவில்லை. என் மகளிடம் அந்தத் தெரு வழியாகப் போகாதே என்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்தைய நாள் மாலை, காய்ச்சலோடு ராமநாதபுரம் போய்த் திரும்பிய அண்ணனிடம் நான் கத்தினேன். "நாட்டுக்கு ஒழச்சுக் காலு போச்சு. ஊருக்கு ஒழச்சு உசுரும் போகட்டும்னு இருக்கீகளா? போங்க, ஒரேயடியாப் போய்ச் சேருங்க." அண்ணன் கை கழுவிவிட்டுப் போனார். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. ஊரில் சிலர் 'தானாகவே இறங்கியிருப்பாரோ' என்று பேசியதை என் மகள் வீட்டுக்கு வந்து சொன்னபோது, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து பெரியப்பா மகனை இன்னும் அதிகமாகச் சந்தேகித்தேன். அவர் இல்லையென்றால், மிஞ்சுவது நான்தானே.

அண்ணனுக்காக ஊரார் வெளியிடும் இந்த நினைவு மலருக்கு முதலில் நான் எழுதிக் கொடுத்தது அவரைப் பற்றிய குற்றச்சாட்டு. அதை அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். அண்ணனைத் தூக்கியவர்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருந்தவர்கள், ஓராண்டாக ஊருணியை முறைவைத்துக் காப்பவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பா மகனுக்கு, எல்லோரும் படிக்கும் இந்த இடத்திலேயே சொல்கிறேன்: நான் உங்களுக்குச் செய்தது அநியாயம். வருஷத் திதிக்கு நீங்கள் முன்னால் நிற்க வேண்டும்.

போன வாரம், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டரைச் சுற்றுப்பட்டு ஊர்களில் ஒட்டியிருந்தோம். மூன்றாம் நாள் காலை, கிழித்தெடுத்த போஸ்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என் வாசலில் வந்து நின்றாள். நகக்கண்ணெல்லாம் கரி. போன ஆண்டு எங்கள் ஊர் எல்லையில் கருவேல விறகில் கரிமூட்டம் போட்ட குடும்பங்களில் ஒருத்தி. அவர்கள் அண்ணன் இறந்த அன்று காலையிலேயே லாரி ஏறிப் போய்விட்டதாகப் போலீஸ் சொன்னபோது நான் காதில் வாங்கவே இல்லை.

"முதுகொளத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்துச்சும்மா. போட்டாவப் பார்த்துத்தான் மிலிட்டரி அண்ணன் இல்லைங்கிறதே தெரிஞ்சுச்சு. தேதியப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நாங்க கெளம்புன அன்னைக்கு" என்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லாரி வரமுன்ன ஒரு கொடம் தண்ணி எடுக்க வந்தேன். கீழ்ப்படியில முள்ளுக்கொப்புக் கெடந்து வழுக்கி விட்டுருச்சு. கொடம் உள்ள போயிருச்சு. அண்ணன்தான், இந்தக் காலக் கொஞ்சம் பிடி தாயின்னு துண்டோட என் கையில குடுத்துட்டு எறங்குனாக. எப்படி வைக்கிறதுன்னு தெரியாம நான்தான் நிப்பாட்டி வச்சேன். கொடத்த மொண்டு குடுத்தாக. அந்தக் கொப்பையும் எடுத்துப் போட்டுட்டுத்தான் ஏறுவேன்னாக. லாரிக்காரன் ஆரன் அடிச்சான், ஓடிட்டேன். பெறகு என்ன ஆச்சுன்னு தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வெரசாப் போ தாயின்னு சிரிச்சாக. 'நானும் ஏழு மணிக்குள்ள போகணும். என் தங்கச்சி நேத்தே நல்லா ஏசிப்புட்டா. இன்னைக்கு இட்லிய ஆறவிட்டேன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா'ன்னாக. அந்தத் தங்கச்சி நீங்கதானாம்மா?"