சின்ன ஆம்ப்பே போதும் என்றாள்

சென்னையில் ஒருவர் கிடார் சத்தத்தைப் பெரிதாக்கும் பழைய மாதிரி டியூப் ஆம்ப்புகளைக் கையாலேயே செய்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு, நானும் என் மனைவியும் காஞ்சிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பினோம். எனக்கு முசரவாக்கம் பக்கம் வெல்டிங் வேலை. திருவிழா, கல்யாணம் என்றால் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பேன். அவள் அதே குழுவில் பாடினவள்.

பாடினவள் என்று எழுதக் கை வரவில்லை. கழுத்தில் வந்த கட்டியை எடுத்த பிறகு அவள் குரல் வெறும் காற்றாகிவிட்டது. சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். குழு மாஸ்டர் கச்சேரிக்குக் கச்சேரி யாரையாவது கூட்டிவந்து சமாளித்தார். அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று நான்தான் அவரிடம் கேட்டிருந்தேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்காத எனக்கு அதுவே பெரிய காரியம்.

ஆம்ப் வாங்க நினைத்ததும் அவளுக்காகத்தான். மேடையில் பாடுகிறவர்கள் காதுக்கென்று வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை அவள் நம்ப மாட்டாள். என் ஆம்ப்புக்கு முன்னால் நின்று, அதில் வரும் சுருதியைப் பிடித்துப் பாடுவாள். அவள் குரல் மேலே போகும்போது நானும் சத்தத்தை ஏற்றுவேன். பழைய ஆம்ப்பில் ஒலி அங்கே கிழிந்துவிடும். எவ்வளவு ஏற்றினாலும் ஒலி உடையாமல் நிற்பதை ஹெட்ரூம் என்கிறார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். போனில் பார்க்கும் வீடியோக்களில் இங்கிலீஷ் புரியாது, சத்தத்தை மட்டும் கேட்பேன். நல்ல ஹெட்ரூம் உள்ள பெரிய ஆம்ப்பை வாங்கி வைத்துவிட்டால் அவளும் மேடைக்கு வந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, இரண்டு ஸ்பீக்கர். மற்றது மடியில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணாடி டியூப்கள் சூடாகும்வரை சும்மா இருக்கச் சொன்னார்.

முதலில் கிடாரைச் சின்னதில் செருகி வாசித்தேன். வால்யூம் திருகைப் பாதி திருப்புவதற்குள் ஒலி லேசாக உடைந்தது. அந்த உடைசலும் இனிமையாகத்தான் இருந்தது.

"இதுவும் என்ன மாதிரியே கரகரன்னு இருக்குது" என்றாள். அவள் பேசுவது கேட்காமல் கடைக்காரர் குனிந்தார். அவள் அவர் காதருகே போய், "இவரு தாலி கட்டுறப்போகூட இவ்ளோ நேரம் யோசிக்கலபா" என்றாள்.

"அக்கா, அப்ப யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பாரு" என்றார் அவர். அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

பிறகு பெரியதில் செருகினேன். ஏற்ற ஏற்றத் தெளிவாக நின்றது, எங்கேயும் கிழியவில்லை. சந்தோஷத்தில் கை தானாகவே கச்சேரியின் முதல் பாட்டுக்குப் போய்விட்டது. எங்கள் குழுவில் எப்போதும் பிள்ளையார் பாட்டுதான் முதலில். அவளுடைய ஐந்தரைக் கட்டைச் சுருதியில் முன்னிசை வாசித்து முடித்து, கம்பிகளின் மேல் கையை வைத்து நிறுத்தினேன். அந்த இடத்தில் எல்லா வாத்தியமும் நிற்கும். அவள் மட்டும் தனியாக எடுப்பாள். பதினாறு வருஷப் பழக்கம்.

யாரும் எடுக்கவில்லை. ஆம்ப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்ப முடியவில்லை.

"இன்னா சார், ஒயரு லூசா?" என்று கடைக்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் வந்து என் தோளைத் தொட்டாள். "சின்னதையே எடுத்துக்க மாமா. எனக்கு வீட்ல கேட்டா போதும்."

"மேடைக்கு?"

"மேடையில மைக்செட்டுக்காரங்க மிக்சர்ல சொருகிக்கோ. மத்தவங்க எல்லாம் அப்படித்தான வாசிக்கிறாங்க?"

நான் பெரியதிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். அவளே கடைக்காரரிடம் சின்னதைக் காட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை ஆம்ப்பை மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். பிறகு நான், "பழக்கத்துல நிறுத்திட்டேம்மா" என்றேன்.

"எனக்குந்தான் பழக்கம். நானும் வாயத் தொறந்துட்டேன்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ் சத்தத்தில் பாதிதான் கேட்டது, அதுவே போதுமாயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைப் பையிலிருந்த போனை அவளே எடுத்து, மாஸ்டர் நம்பரைப் போட்டு என் காதில் வைத்தாள்.

"சொல்லிடு. என்னால சொல்ல முடியாதுல்ல" என்றாள்.

மாஸ்டர் எடுத்ததும், "எங்க இருக்கிற?" என்றார். பஸ்ஸில் என்றேன். ஆம்ப் கிடைத்ததா என்றார். கிடைத்தது என்றேன். எல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல முடியாமல் இருந்தேன். அவள் போனை எடுக்காமல் என் காதில் பிடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அண்ணே, நிரந்தரமா வேற பொண்ணப் பாத்துக்கோங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மாஸ்டர் "சரிப்பா" என்றார்.