கடைசிப் பாயில் ஈரம்

இட்டுக்கட்டிய கதை என்று நினைத்தால் வெள்ளிமலைக்குப் போய் அமிர்தத்தையே கேளுங்கள். ராத்திரிகூட இல்லை... பட்டப்பகல். சித்திரை வெயில்.

அவள் மகன் கவியரசன் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். துணைக்குப் புருஷன் வீரமணி. மாற்றுத்துணி எடுக்க மலையேறி வந்த அமிர்தம், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஊர்ச் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குள் நுழைந்தாள். அந்த ஊருக்குக் குடிவந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். யாரும் தனக்காகக் கேட்கக் கூடாது. வரிசையாக முழங்கால் போட்டு, வலப்பக்கம் இருப்பவருக்காகக் கேட்க வேண்டும். வலக்கோடியில் இருப்பவர் ஊருக்காகக் கேட்பார்.

அமிர்தத்துக்குக் கிடைத்தது இடக்கோடி. வலப்பக்கம் பெரியநாயகி, கண் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவள். இடப்பக்கம் ஒரு காலிப் பாய். அப்படியென்றால் என் பிள்ளைக்கு யார் கேட்பது? பெரிய சட்டம்!

கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எம் புள்ள..."

சில்லென்று ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

இடப்பக்கத்திலிருந்து.

ஈரக் கை. சொட்... சொட்... பாயில் தண்ணீர் விழுந்தது.

"நீ அவங்களுக்குக் கேளு," என்றது பெண்குரல். "ஒம் புள்ளைய நான் பாத்துக்கறேன்."

அமிர்தம் பெரியநாயகியின் கண்ணுக்காகக் கேட்டாள். முதலில் வாய்தான் கேட்டது. போகப் போக மனசும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் அந்தக் குரல் அழுதது... "குட்டான எழுப்பிக் குடுத்துடுங்க ஆண்டவரே."

குட்டான்!

கவியரசனை வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தாள். யாருமில்லை. பாய் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

செல்போன் அடித்தது. வீரமணி. "கண்ண முழிச்சிட்டான் அமிர்தம்! தண்ணி கேக்கறான்!"

அழுதபடியே பெரியநாயகியிடம் திரும்பினாள். "யாருக்கா இங்க குந்திக்கினு இருந்தது?"

"இன்னாடி சொல்ற?" ஈரப் பாயைப் பார்த்ததும் பெரியநாயகியின் முகம் வெளிறியது. "அது தைலம்மா எடம். அவளே கேட்டுக் கடைசில குந்துவா. போன ஐப்பசியில ஜெபத்துக்கு வந்துகினு இருந்தப்போ ஓடை வெள்ளம் அடிச்சிகினு போயிடுச்சி... அவளுக்குன்னு யாரும் ஒரு தபாகூட கேட்டதில்லடி."

அடுத்த வெள்ளிக்கிழமை. அதே இடம். சொட்... சொட்...

செத்தவர்களுக்காக ஜெபிப்பது அந்தச் சபையில் இல்லாத வழக்கம். இருக்கட்டும். அமிர்தம் காலிப் பாய்ப் பக்கம் திரும்பி முழங்கால் போட்டாள்.

"தைலம்மா அக்காவுக்கு எளைப்பாறுதல் குடுங்க, ஆண்டவரே."

சொட்டுவது நின்றது.

காதோரம்... மூச்சுக்காற்றோடு...

"ஆமென்."