வண்டியில் எழுதிய நம்பர்

வில்ஃப் டாங்கரிட்ஜுக்கு அலுத்துப்போய்விட்டது. கிழக்கு லண்டன் வால்தம்ஸ்டோவில் சாக்கடை அடைப்பு எடுக்கிறவர். வீட்டு நம்பர்தான் தொழில் நம்பரும். வண்டியின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதியிருக்கும். லண்டனில் நம்பர் போதவில்லை என்று சொல்லி 01 என்ற எஸ்.டி.டி. கோடை 081 ஆக்கினார்கள். ஐந்தே வருஷத்தில் 0181. இப்போது இரண்டாயிரத்தில் இன்னொன்று. முதல் தடவையே உருப்படியாக எண்ணிப் பார்க்கத் தெரியாதா இவர்களுக்கு என்று பல்லைக் கடித்தார்.

வீட்டு ஃபோனை விட்டுத் தொலைத்துக் கைபேசி வாங்கச் சொன்னார்கள் தெரிந்தவர்கள். மாட்டேன் என்றார். மூன்று வருஷத்துக்கு முன், தன் காதலனை அவர் கேவலமாகப் பேசியதால் கோபித்துக்கொண்டு போன மகள் ஹேசலுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது. கூப்பிட்டால் அதில்தான் கூப்பிடுவாள்.

வண்டியில் எழுத வந்த ஓவன் இந்தத் தடவை முரண்டு பிடித்தான்.

"020ன்னு போட்டு இடம் விடணும் வில்ஃப். எட்டு உன் நம்பரோட சேர்ந்தது. இனிமே உனக்கு எட்டு இலக்கம்."

"ஊரே 0208ன்னு எழுதுது. உனக்கு மட்டும் என்ன? சொன்னத எழுதிட்டுப் போ."

எழுதிவிட்டுப் போனான். அதன் பிறகு வேலைகூடக் கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று வில்ஃப் யோசிக்கவில்லை.

நவம்பரில் ஹேசலிடமிருந்து கடிதம் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கெனிங்டனில்தான் இருக்கிறாளாம். சிக்னலில் அவர் வண்டியைப் பார்த்தாளாம்.

"அதே நம்பர வச்சிருக்கீங்கன்னு பாத்ததும் அழுதுட்டேன்பா. லண்டனுக்குள்ள கோடு வேண்டாமேன்னு 0208ஐ விட்டுட்டு மிச்சத்தப் போட்டேன். மூணு தடவ. அப்படி ஒரு நம்பரே இல்லங்குது. எம்மேல கோவத்துல ஃபோனையே துண்டிச்சிட்டீங்களா?"

அடியில் அவள் நம்பர். 0207 என்று தொடங்கியது.

வில்ஃப் உடனே ஃபோனை எடுத்தார். லண்டனுக்குள் கோடு வேண்டாம் என்று ஃபோன் கம்பெனி அனுப்பிய துண்டுத்தாளிலேயே போட்டிருந்ததால் 0207ஐ விட்டுவிட்டு மீதி ஏழு இலக்கத்தை அழுத்தினார். நம்பர் தவறு என்றது பதிவுக்குரல். மறுபடி அழுத்தினார். மறுபடி அதுவே. அந்தக் குரலைத் திட்டினார், கோடு மாற்றியவர்களைத் திட்டினார், ஓவனைத் திட்ட வாயெடுத்தபோதுதான் அவன் சொன்னது உறைத்தது. அதற்கப்புறம் திட்டுவதற்கு அவரைத் தவிர ஆள் மிஞ்சவில்லை.

0207இல் இருந்த 7 கோடு அல்ல, அவள் நம்பரின் முதல் இலக்கம்; அதையும் சேர்த்து அழுத்தினார். மணி அடித்தது. எடுத்தாள்.

"நான் எதையும் துண்டிக்கலம்மா. நம்பரத் தப்பா எழுதிட்டேன். தப்பு எம்மேலதான்."



"இந்த வார்த்தையக் கேக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சுப்பா," என்றாள் ஹேசல்.

நம்பரைப் பற்றித்தான் சொன்னேன் என்று வில்ஃப் திருத்தப் போகவில்லை.