வக்கீல் கடித்தால் பரவாயில்லாத செடிகள்

என் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவதே நின்றபடிதான். தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார்; பார்க்கிற நமக்குத்தான் விக்கல் எடுக்கும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் நின்று பழகிய கால்கள் அவை. ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி இல்லாமல் இல்லை. அதில் மருந்து அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன.

போன வருடம் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை. முதல் வாரம் சமையலறை டப்பாக்கள் எல்லாம் காலாவதித் தேதி வரிசையில் நின்றன. இரண்டாவது வாரம் என் பட்டறைக்குள் நுழைந்தார். வீட்டின் முன்னறையில் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன் நான். என் திருகாணிகளை எல்லாம் அளவுவாரியாகப் பிரித்துப் புட்டிகளில் போட்டு, புட்டிகளுக்குச் சீட்டும் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு ஒரு திருகாணியும் கிடைக்கவில்லை. அண்ணனிடம் முறையிட்டேன். அண்ணன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். வாயைத் திறக்கத் தனியாகத் தபால்தலை ஒட்ட வேண்டும். "விடுடா, கொஞ்ச நாள்" என்றார். அவர் தப்பித்துக் காலையில் வேலைக்குப் போய்விடுவார். நான் எங்கே போவேன்?

எங்கள் வீட்டு நாய்க்கு வக்கீல் என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துக் குரைப்பதால் அண்ணன் வைத்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அதற்காக வக்கீலை உங்கள் பிள்ளை என்று யாராவது கொஞ்சினால் அண்ணிக்குச் சுள்ளென்று கோபம் வரும். "நாய நாய்னே சொல்லுங்க. அதுல அவனுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்பார். சொல்லிவிட்டு அவன் காதைத் தடவிக்கொடுப்பார்.

வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஆள் அகலத்துக்கு ஒரு சந்து உண்டு. வெயில் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. துணி துவைக்கிற இயந்திரத்தின் தண்ணீர் அதில்தான் வடியும். சுவரெல்லாம் பாசி, தரையெல்லாம் சேறு. வக்கீலுக்கு அதுதான் சொர்க்கம். மதியமானால் போய்ச் சேற்றில் வயிற்றைப் பதித்துப் படுத்துவிடுவான். அதனால் வயிறு முழுக்கச் சொறி வந்தது. சேற்றில் விடாதீர்கள் என்று நாய் வைத்தியர் சொல்லிவிட்டார். அண்ணி பலகை வைத்து அடைத்தார். வக்கீல் பலகைக்கு முன்னால் நின்று மூன்று நாள் இடைவிடாமல் வாதாடினான். அக்கம்பக்கத்தார் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்போதுதான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. சேறு தெரியாமல் செடி வைத்து மூடிவிட்டால் என்ன?

நல்ல யோசனைதான். ஆனால் வக்கீல் தின்னாத பொருள் இந்த வீட்டில் கிடையாது. சோப்பைத் தின்றிருக்கிறான். அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கயிற்றைத் தின்றிருக்கிறான். மோட்டாருக்குள் நான் வைக்கிற காகிதத்தை ஒரு சுருள் முழுவதும் தின்று ஏப்பம் விட்டிருக்கிறான். ஆகவே அந்தச் செடி ஈரத்தில் அழுகக் கூடாது, நிழலில் வெளுக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக நாய் கடித்தால் நாய்க்கு ஒன்றும் ஆகக் கூடாது.

அண்ணிக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

நோட்டு ஒன்று போட்டார். இடதுபக்கம் 'கடிக்கலாம்', வலதுபக்கம் 'கடிக்கக் கூடாது'. வலதுபக்கம்தான் மளமளவென்று நிறைந்தது. நிழலில் செழிக்கிற செடிகளில் பாதி அங்கே போய் விழுந்தன. சேம்பு வகை எல்லாம் கூடாது, வாயும் தொண்டையும் வீங்கிவிடும். மணி பிளான்ட் கூடாது. வெள்ளைப் பூ பூக்கிற பீஸ் லில்லி கூடாது. இலையில் புள்ளி தெறித்த டிஃபன்பேக்கியா கூடவே கூடாது. இடதுபக்கம் பெரணி, ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா, பெப்பரோமியா என்று நாலே நாலு பெயர். அந்த நாலையும் மூன்று புத்தகத்திலும் இரண்டு வைத்தியரிடமும் சரிபார்த்தார். ஆஸ்பத்திரியில் ஒருவர் எடுத்த மருந்தை இன்னொருவர் பார்க்காமல் ஜன்னலைத் தாண்ட விடமாட்டார்களாம். இங்கே அந்த இன்னொருவர் நான்.

"தம்பி, நீ ஒரு தடவ படி."

"நீங்க படிச்சாச்சே அண்ணி."

"என் கண்ணு நான் நெனச்சதத்தான் படிக்கும். நீ படி."

தோட்டக்கடைக்காரர் எங்கள் தலையைக் கண்டாலே பின்னால் போய் ஏதோ குழாயைத் திருகுவதுபோல நடிப்பார். அண்ணி விடமாட்டார்.

"இது பெரணிதானே? நிச்சயமா?"

"போன வாரமும் இதான் பெரணி, இந்த வாரமும் இதான் பெரணிம்மா."

"இலைக்கு அடியில புள்ளி காணோமே?"

"அது வளரணும்மா. எனக்கும் வயசாகுது, பாத்து எடுத்துக்கங்க."

முதல் நடவு பெரணி. சேற்றில் நேரடியாக நட்டதில் இரண்டே வாரத்தில் அடி அழுகிக் கருத்தது. இரண்டாவது ஸ்பைடர் பிளான்ட், மஞ்சளாகிப் படுத்துக்கொண்டது. மூன்றாவது முறை செங்கல் அடுக்கி, மேடாக மண் கொட்டி, நாலு வகையையும் கலந்து நட்டார். அதையெல்லாம் சுமந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செடிகள் சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. அண்ணி காலையும் மாலையும் அளவுகோலோடு போய் நிற்பார். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று தட்டை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போவார். அரை அங்குலம் வளர்ந்ததா, கால் அங்குலமா என்று வந்து அண்ணனிடம் சொல்வார். அண்ணன் "ம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அண்ணி சொன்னார்: "எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி நடணும் தம்பி. மண்ணுதான் சரியில்ல."

அன்றைக்கு என் பட்டறையில் ஏழு மோட்டார்கள் வரிசையில் கிடந்தன. வாடிக்கையாளர்கள் போனில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இந்தச் செடிகள் கொஞ்சம் வளர்ந்து தொலைத்தால் இந்த அம்மாளின் கால் ஓயும், என் முதுகும் பிழைக்கும்.

மறுநாள் அண்ணி ஓய்வூதிய வேலையாக வெளியே போயிருந்தார். நான் தோட்டக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என் பின்னால் அண்ணி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார், வரவில்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தார். சாக்கிலிருந்து இரண்டு கிலோ அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்தார். "ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்தது. பத்தே நாள்ல பாருங்க. மண்ணுக்குள்ள நல்லா பொதச்சு மூடிடுங்க."

தன்னிடம் காட்டாமல் அந்தச் சந்துக்குள் ஒரு குச்சிகூடப் போகக் கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தார். அது செடிக்குச் சொன்னது, எருவுக்கு இல்லை என்று நானே எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டேன். புதைக்கவும் இல்லை. யார் குனிவது? மேலாகத் தூவி, கையால் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியதும் அது மண்ணின் நிறத்துக்கே வந்துவிட்டது; நான் மோட்டாருக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் வக்கீல் குரைக்கவில்லை. பால்காரர் வந்து போனார், அவன் எழுந்திருக்கவே இல்லை. அண்ணி கூப்பிட்டதும் எழுந்தான், நாலடி வைத்தான், வாந்தி எடுத்தான். மறுபடியும் எடுத்தான். பின்பக்கம் ரத்தமாகப் போனது.

அண்ணி நேரே சந்துக்கு ஓடினார். கலாத்தியாவில் ஓர் இலை கிழிந்திருந்தது. அதைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தவரின் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "காரக் கூப்பிடு தம்பி" என்றார். அண்ணன் அதற்குள் வேலைக்குப் போயிருந்தார்.

வக்கீலைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தியது நான்தான். அவன் மூக்கு என் கழுத்தில் உரசியது. மீசை முடியில் பழுப்பாகத் துகள் ஒட்டியிருந்தது. அந்தப் புண்ணாக்கு வாசம் அடித்தது. இலை கடிபட்டுக் கிழியவில்லை, அவன் மண்ணைத் தோண்டியபோது நகம் பட்டுக் கிழிந்திருக்கிறது. மண்ணை முழுக்க நக்கியிருக்கிறான்.

சாலையில் கார் நகரவே இல்லை, வைத்தியரிடம் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. அண்ணி வக்கீலின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நோட்டை விரித்திருந்தார். கலாத்தியா பக்கத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"நான் எங்கயோ தப்பாப் படிச்சிருக்கேன் தம்பி."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"இது வேற கலாத்தியாவோ? கடைக்காரர் மாத்திக் குடுத்துட்டாரோ? இல்ல, அவர் மேல தப்பு இல்ல. பாத்து வாங்கினது நான்." வக்கீலின் காதைத் தடவியபடியே, "முப்பத்தொரு வருஷம் ஒருத்தருக்கு ஒரு மாத்திர மாத்திக் குடுத்ததில்ல. என் வீட்டு நாய்க்கு நானே குடுத்துட்டேன்" என்றார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டது. எரு தின்றால் என்ன ஆகும், மண்ணோடு மண்ணாகப் போய்விடும், வேறு ஏதாவதாகக்கூட இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை. அண்ணியின் கையில் ஏழு வயது முதல் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்த முகம் என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம். அந்த முகம் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைவிடக் கேடுகெட்டவன் அன்றைக்கு அந்தச் சாலையில் இல்லை.

வைத்தியர் சின்ன வயதுப் பெண். அண்ணி நாலு செடியின் பெயரையும் ஒப்பித்தார், கிழிந்த இலையை மேசைமேல் வைத்தார்.

"அம்மா, இதுல எதுவும் இப்படிப் பண்ணாது. நல்லா யோசிங்க. எலி மருந்து, பூச்சி மருந்து, உரம், ஏதாவது?"

"உரமா? நான் எதுவுமே போடலயே. என் தப்புத்தான் டாக்டர், இன்னொரு தடவ பாருங்க, இந்தச் செடியத்தான்..."

"நான் போட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நேத்து மத்தியானம். ஆமணக்குப் புண்ணாக்கு. எலும்புத்தூள் கலந்தது. இவங்களுக்குத் தெரியாது."

வைத்தியர் எவ்வளவு என்று கேட்டார். அதற்குமேல் நிற்கவில்லை. வக்கீலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடுவதற்கு முன்னால், "எலும்பு வாசத்துக்குத்தான் தின்னுருக்கு. ஆமணக்கு நாய்க்கு விஷம். இத வந்த உடனே சொல்லியிருக்கணும்" என்றார். அண்ணி அந்த இலையை மேசையிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

நாலு நாள் வக்கீல் அங்கே சொட்டு மருந்தில் கிடந்தான். நாலு நாளும் அண்ணி அந்த வராந்தாவில் நடந்தார். ஐந்தாம் நாள் எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். வாசலில் அண்ணன் "வாடா" என்றதும் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்து ஒரு சின்னக் குரை குரைத்தான். அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. சந்தின் மண்ணை முழுவதும் அள்ளி எடுத்து, ஒவ்வொரு செடியின் வேரையும் குழாயடியில் கழுவி, புது மண்ணில் அதே நாலு வகையையும் நட்டார். மண் மூட்டைகளை நான் சுமந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார், துணியைத் துவைத்துப் போட்டார். திட்டிவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது.

பத்து நாள் கழித்து, எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றார்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

டாக்டர் கேட்டபோதுதான் தோன்றியது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"கார்ல ஏத்தும்போதே அண்ணி."

அவர் சுவரைப் பார்த்தார். "நாப்பது நிமிஷம்" என்றார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனார்.

இப்போது செடிகள் நன்றாக வளர்கின்றன. பெரணி சந்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, சேறு கண்ணில் படுவதில்லை. வக்கீல் அதன் நடுவே படுத்துக்கொண்டு இஷ்டத்துக்குக் கடிக்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. சொறியும் போய்விட்டது. என்மேல் அவனுக்கு எந்த வழக்கும் இல்லை. பட்டறைக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து ரொட்டித்துண்டுக்காக வாலை ஆட்டுகிறான். நான் கொடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் அண்ணி எங்கிருந்தாலும் வாசற்படிக்கு வந்துவிடுகிறார்.

"கையில என்ன?" என்கிறார். கோபமே இல்லாத குரல்.

நான் கையை விரித்துக் காட்டுகிறேன்.