சுவரோரத்து நிரை

மெஷின் வந்த அன்று அறையில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர் முத்தையா. ஏழாவது படிக்கும் மகள் சாந்தி. மெஷினை வாடகைக்குக் கொடுத்த பூந்தமல்லி பாய். பக்கத்துப் போர்ஷன்காரி லோகு. மெஷினின் நீளச் சட்டத்தைப் பூட்டி முடித்தபோது லோகுவும் சாந்தியும் ஜன்னல் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக மெஷின் அறையை இரண்டாக வெட்டியிருந்தது. இருவரும் அடியில் தவழ்ந்து கதவுப் பக்கம் வந்தார்கள். அடுப்பு ஜன்னல் பக்கம் இருந்தது. அன்று முதல் சோறு வடிக்கவும் தவழ்ந்துதான் போனோம்.

சிலோன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களுக்கும், என்னோடு தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களுக்கும் இது விளங்காது. அதனால் சொல்கிறேன். இது பஞ்சுப் போர்வை தைக்கிற மெஷின். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி, மூன்றையும் சேர்த்து உருளைகளில் இழுத்துக் கட்டிவிட வேண்டும். துணி அசையாது. நீண்ட கை வைத்த மெஷின்தான் தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகளின் மேல் ஓடும். பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கைப்பிடியையும் பிடித்து, காகிதத்தில் வரைந்த பூவின் மேல் ஒரு கம்பி முனையை ஓட்டினால், ஊசி அதே பூவைத் துணியில் போடும். கை ஒரே சீராகப் போக வேண்டும். கை நின்றாலும் மோட்டார் நிற்காது. ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் கட்டி தட்டிவிடும்.

இதை எடுத்ததற்குக் காரணம் ஷட்டர். திருமுல்லைவாயிலில் குடியேறிய பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இங்கேயும் எஸ்டேட் என்றுதான் பெயர். செடி கிடையாது, தகரக் கூரை. காலையில் எங்களை உள்ளே விட்டு ஷட்டரை வெளியே பூட்டுவார்கள். துணி திருடு போகக் கூடாதாம். ஒரு நாள் மோட்டார் கருகிப் புகை கிளம்பியது. சாவிக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வரும்வரை ஷட்டரின் அடிச்சந்தில் வாயை வைத்து மூச்சு வாங்கினோம். யாரும் சாகவில்லை. மறுநாளும் பூட்டினார்கள். வீட்டிலேயே தைத்துக் கொடுத்தால் பூட்டு இல்லை என்று நினைத்தேன்.

பாய் நல்லவர். ஆனால் வியாபாரி. "சிலோன்காரம்மா, மூணு துணி தர்றேன், தச்சிக் கத்துக்க. வெள்ளிக்கெழம தொழுதுட்டு நேரா இங்க வருவேன். ஒண்ணாவது தேறணும். இல்லாங்காட்டி மாங்காட்டுல ஒரு பார்ட்டி கேட்டுகினு கீது. மெஷின வண்டில ஏத்திருவேன். அப்பால பேஜார் பண்ணக் கூடாது" என்றார். சரி என்றேன். மெஷின் போனால் நான் திரும்பப் போக வேண்டியது ஷட்டருக்குள்.

முதல் துணியில் இரண்டு பூ நன்றாக வந்தது. மூன்றாவதில் என் வலது கை கைப்பிடியை விட்டுவிட்டுத் தோளுக்கு மேலே போனது. நான் அனுப்பவில்லை. அதுவாகப் போனது. நூல் கட்டி தட்டியது. பிடித்துத் தைத்தேன். மறுபடி போனது. கொழுந்து எடுத்தவர்களுக்குத் தெரியும். பிடி நிறைந்தால் கை முதுகுக் கூடைக்குப் போய்விடும், யாரும் சொல்ல வேண்டாம். ஷெட்டில் உட்கார்ந்து தைத்த வருஷங்களில் இது வரவில்லை. இங்கே நின்றுகொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பக்கம் பக்கமாக நகர்கிறேன். அது கொழுந்து எடுக்கிற நிலை. கை ஏமாந்துவிட்டது.

மலையில் தேயிலைச் செடி வரிசையை நிரை என்போம். எனக்கு ஒரு நிரை, அடுத்த நிரை என் அக்காவுக்கு. பனி இறங்கினால் அவள் தெரிய மாட்டாள், இருமல் மட்டும் கேட்கும். இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு போட்டதில், எனக்கு இந்த நாடு, அவளுக்கு அந்த நாடு என்று காகிதம் வந்தது. அந்த வேலையும் சுகம் இல்லை. அட்டை, மழை, கங்காணியின் வாய். ஆனால் கையைத் தூக்கினால் எதிலும் இடிக்காது.

லோகு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா, முதுவுல எறும்பு கீதா? சொறிஞ்சிகினே தைக்கிறியே."

"எறும்பு இல்ல. கூடை."

"ஏது கூடை? ஒண்ணியும் காணோமே."

"இருந்திச்சு."

அவள் கம்பியில் முகத்தை ஒட்டி என் முதுகைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மாங்காட்டு அம்மன் குங்குமம் எடுத்து வந்தாள். "கை தன்னால தூக்குதுன்னா காத்து கருப்புதான்க்கா. வச்சிக்க." ஜன்னல் கம்பி வழியாக அவளே வைத்துவிட்டாள். நானும் நெற்றியைக் காட்டினேன்.

இரண்டாவது துணியும் கெட்டது. முத்தையா என் கையைக் கைப்பிடியோடு துண்டால் கட்டிப் பார்த்தார். கை இழுத்த இழுப்பில் ஊசி உடைந்தது. "விடு புள்ள. ஷெட்டுக்கே போயிரு. எத்தன பேரு போறாக" என்றார். தவழ்ந்து தவழ்ந்து அவருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"இத ஜன்னச் சுவரோட தள்ளுங்க" என்றேன்.

"தள்ளுனா நீ எங்க நிப்ப?"

"இதுக்கும் சுவத்துக்கும் நடுவுல."

அவரும் சாந்தியும் அடுப்பைக் கதவுப் பக்கம் மாற்றிவிட்டுத் தள்ளினார்கள். நான் தவழ்ந்து போய் எழுந்து நின்றேன். முன்னால் சட்டம், பின்னால் சுவர். மூன்றாவது துணியைத் தொடங்கினேன். இரண்டு பூ முடிந்ததும் கை கிளம்பியது. விரல் முட்டி சொரசொரச் சுவரில் இடித்துத் தோல் உரிந்தது. கை திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி இடித்தது. பிறகு பாதி வழியில் நின்று திரும்பியது. பிறகு போகவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் அந்த மூன்றாவது துணியை வாசல் வெளிச்சத்தில் விரித்தார். மேல் பாதியில் நிறையக் கட்டி. கீழ்ப் பாதியில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இந்தப் பாதிய யாரு தச்சது?"

"நான்தான் பாய்."

"அப்ப மேல இருக்கிறது?"

"அதுவும் நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். "பாதி தேறிச்சின்னா மீதியும் தேறிரும். மெஷின் இங்கியே இருக்கட்டும். ஆனா இத்த நவுத்திப் போடும்மா. மனுசி நிக்கிற எடமா இது?"

"நகர்த்த வேணாம் பாய்."

இப்போது என் வீட்டில் ஷட்டர் இல்லை. கதவு திறந்தே கிடக்கிறது. மற்றவர்களுக்கு நடக்க இடம் கிடைத்தது. தவழ்வது நான் மட்டும். காலையில் உள்ளே போனால் உச்சிப் பொழுதில்தான் வெளியே வருகிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க மெஷினை அறை நடுவுக்கு இழுத்தார்கள். என் விரல் முட்டி பட்டுக் கறுத்திருந்த இடம் சுண்ணாம்பில் மறைந்தது. சுவர் காயட்டும் என்று அறை நடுவிலேயே நின்று தைத்தேன். இரண்டாவது பூவில் கை தோளுக்கு மேலே போனது. எதிலும் இடிக்கவில்லை. போன கை சற்று நேரம் அங்கேயே நின்றது. மெஷினைத் திரும்ப ஒட்டி வைக்கச் சொன்னேன். இனி யார் நகர்த்தினாலும் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும் என்று, சாந்தி பள்ளிக்கூட ஸ்கேலால் சுவரிலிருந்து அளந்து தரையில் கோடு கிழித்தாள்.

பதினான்கு அங்குலம்.