அவர் தெரிந்தெடுத்த தேடுசொல்

என் மகள் வில்லாபுரத்தில் சிறுதானியக் கஞ்சிமாவு அரைத்து விற்கிறாள். அவளுடைய இணையதளத்துக்கு எவரும் வராததால், இணையத்தில் தேடுவோரைத் தளத்துக்கு இழுக்கும் தேடுசொற்களைத் தெரிந்தெடுத்துத் தர ஒருவரை வரவழைத்தாள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கைப்பேசியின் திரையைச் சட்டை நுனியால் ஓயாமல் துடைத்துக்கொண்டே பேசினார்.

"கம்பு மாவு, வரகு மாவுன்னு போட்டா யாரு அய்யா வருவா? 'சர்க்கரை நோய் முழுவதும் குணமாக'ன்னு போடுங்க. அம்புட்டுப் பேரும் அதத்தான் தேடுறாக."

எனக்குச் சினம் மூண்டது. "மாவு நோயைத் தீர்க்காது. இதை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால் அந்த உயிருக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டேன்.

"வரவைக்கத்தான அய்யா அந்த வார்த்த? உள்ள வந்து படிச்சா அவுகளே தெரிஞ்சுக்கிருவாக."

மகள் இட்டிலி கொண்டுவந்து வைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டுத் தட்டை அருகே இழுத்தார். அது எதற்கு என்றேன்.

"சுகருக்குத்தான்."

"அப்படியானால் எங்கள் மாவை உண்டு குணமாக வேண்டியதுதானே?" என்று சீறினேன்.

அவர் சிரிக்கவில்லை. "சுகர் இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நானும் இதே வார்த்தையத்தான் போட்டுத் தேடுனேன் அய்யா. அதனாலதான் சொல்றேன், கட்டாயம் வருவாக."

மகள் அச்சொல்லை மறுத்துவிட்டாள். எங்கள் தளத்துக்கு வருவோர் இன்றும் சிலரே. அதில் எனக்கு வருத்தமில்லை. தாம் அஞ்சி நடுங்கிய நாளில் தேடிய அதே சொல்லை, அஞ்சி வரும் இன்னொருவருக்குத் தூண்டிலாக்க அந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது? நினைக்குந்தோறும் சினம் பெருகுகிறதேயன்றி, விடை கிடைக்கவில்லை.